மலை ஏறும் லாரிக்கும் வண்டி இழுக்கும் லாரிக்கும் எந்த கிரேடு என்ஜின் ஆயில்?

வாசகர் கேள்வி, 20.04.2024

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இரண்டு லாரிகள் உள்ளன. ஒன்று 2021இல் வாங்கிய பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி. ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மூணாறுப் பக்கம் மாதம் இரண்டு மூன்று முறை போகிறது. மற்றொன்று டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பழைய வண்டி. பின்னால் கொக்கி பொருத்தி, வழியில் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுக்கிறோம். இரண்டுக்கும் 15டபிள்யூ-40தான் ஊற்றி வருகிறோம். சித்திரை வெயிலில் அது தண்ணீராகிவிடும், சுமை இழுக்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 போட்டால்தான் என்ஜின் தாங்கும் என்று ஆயில் கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா?

20.04.2024, இரவு

பிஎஸ்-6 வண்டிக்கு மாற்ற வேண்டாம். பழைய வண்டியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கேனில் உள்ள இரண்டு எண்களையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. எஸ்ஏஇ ஜே300 என்னும் தரப்பட்டியலின்படி, டபிள்யூ எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் சொல்கிறது. 15டபிள்யூ எண்ணெய்க்கு என்ஜினைச் சுழற்றும் சோதனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. 20டபிள்யூ எண்ணெய்க்கு மைனஸ் 15இல் நடக்கிறது. மார்கழிப் பனியில்கூட இருபது டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும் நம் ஊரில் அந்த எண்ணை வைத்து வெயிலைப் பற்றிப் பேச இடமே இல்லை.

பின்னால் நிற்கும் எண்தான் சூடான எண்ணெயைப் பற்றியது. நூறு டிகிரியில் அளந்தால் 40 கிரேடு எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது கெட்டி, சென்டிஸ்டோக் என்ற அலகில் 12.5 முதல் 16.3க்குள் இருக்க வேண்டும். 50 கிரேடு 16.3 முதல் 21.9க்குள் இருக்க வேண்டும். 40, 50 என்பவை அளவுகள் அல்ல, வகுப்புகளின் பெயர்கள்.

வெயிலைப் பொறுத்தவரை ஒன்றை யோசித்துப் பாருங்கள். காரைக்குடியில் வெளியே 40 டிகிரி கொதிக்கும்போதும், ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியின் சம்ப்பில் (என்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில்) எண்ணெய் நூறை ஒட்டியே நிற்கும். தை மாதத்திலும் அதே வண்டி அதே சுமையோடு ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் நீர்த்திருப்பது குறையன்று; 15டபிள்யூ-40 அந்தச் சூட்டில் அந்த அளவுக்கு நீர்க்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு இடைவெளி விட்டு என்ஜினைச் செய்திருக்கிறார்கள்.

22.04.2024

'ஆயில் பிரஷர் கேஜ் ஏறினால் நல்லதுதானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் 2018 கோடையில் இதே எண்ணத்தில் என் டர்போ வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினேன். முள் ஏறியது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சம்ப்பில் ஒரு வெப்பமானி பொருத்தியிருந்தேன். திருமயம் தாண்டிப் புதுக்கோட்டைக்குள் நுழையும் அதே இடத்தில், அதே நெல் லோடோடு, பழைய எண்ணெயில் காட்டியதைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாகக் காட்டியது. மைலேஜும் குறைந்தது. வண்டியில் வேறு எதையும் மாற்றவில்லை.

பிரஷர் என்பது எண்ணெய் பாய்கிறது என்பதற்குச் சான்றல்ல; பாய்வதற்கு எதிர்ப்பு இருக்கிறது என்பதற்குச் சான்று. கெட்டியான எண்ணெய் பேரிங் இடைவெளிக்குள் குறைவாகவே நுழையும், அதனால் அங்கிருந்து வெளியே எடுத்துவரும் சூடும் குறையும்; போதாததற்குத் தன்னைத் தானே கலக்கிக்கொள்ளும் உராய்வில் புதிதாகவும் சூட்டை உண்டாக்கும். பிரஷர் ஓர் எல்லையைத் தாண்டினால் பம்பிலுள்ள ரிலீஃப் வால்வு திறந்து, மிஞ்சிய எண்ணெயை எந்தப் பேரிங்கையும் தொடவிடாமல் சம்ப்புக்கே திருப்பி அனுப்பிவிடும். நான் முள்ளைப் பார்த்து மகிழ்ந்த பல காலை நேரங்களில் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

கிரேடு மாற்றுவதால் கிடைக்கும் பயன் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வழக்கமான 15டபிள்யூ-40 நூறு டிகிரியில் 14 அல்லது 15 சென்டிஸ்டோக் இருக்கும். வழக்கமான 20டபிள்யூ-50 அதே அளவுக்கு நீர்க்க 110 டிகிரியை ஒட்டிச் சூடாக வேண்டும். அதாவது ஒரு கிரேடு ஏறுவதும் எண்ணெயைப் பத்து டிகிரி குளிர வைப்பதும் ஏறத்தாழச் சமம். பத்து டிகிரியைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளில் எண்ணெயின் ஆயுளும் கூடும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம், ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு.

22.04.2024, சற்றுப் பின்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். நூறு டிகிரியில் அளந்த எண்ணை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுமை இழுக்கும் வண்டிக்கு அதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு: 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்கும் வேகத்தில் எண்ணெயின் பாகுத்தன்மை எவ்வளவு எஞ்சுகிறது என்பது. 15டபிள்யூ-40 போல இரண்டு எண் கொண்ட மல்டிகிரேடு எண்ணெயைச் சூட்டில் கெட்டியாக வைத்திருக்கச் சேர்க்கும் பாலிமர் இழைகள், பேரிங்கின் வேகத்தில் நீண்டு படுத்துவிடும். நாளடைவில் அறுந்தும் போகும். அப்போது கேனில் எழுதிய எண் பேரிங்குக்குள் இருக்காது.

15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகிய மூன்றுக்கும் இந்த 150 டிகிரி அளவு குறைந்தது 3.7 மில்லிபாஸ்கல் செகண்ட் இருக்க வேண்டும் என்று அதே ஜே300 சொல்கிறது. பட்டியல் கட்டாயப்படுத்தும் அடிமட்டத்தில் மூன்றும் ஒன்றுதான். சந்தையில் கிடைக்கும் 50 கிரேடு நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 40 கிரேடு சுமைக்கு ஆகாத தண்ணீர் என்பது சரியல்ல.

25.04.2024

கட்டி இழுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கையைச் சுட்ட விஷயம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

புதுவயல் அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் ஏற்றிவந்த லாரி, கண்டனூரைத் தாண்டி நின்றுவிட்டது. என் பழைய வண்டியில் கம்பி கட்டி இழுத்துவர ஓட்டுநரை அனுப்பினேன். அவர் நல்ல மனிதர், வண்டியை அதட்டி ஓட்டமாட்டார். இன்ஜின் கத்தக் கூடாது என்று நான்காவது கியரிலேயே மெதுவாக, ஆர்பிஎம் ஆயிரத்தைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு வந்தார். இதே முறையில் அந்த ஆண்டு முழுக்க எத்தனையோ வண்டிகளை இழுத்தார். ஊற்றியிருந்தது கையேட்டில் சொன்ன எண்ணெய். தவணை தவறாமல் மாற்றியும் வந்தோம்.

ஒரு நாள் அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டு சம்ப்பைக் கழற்றினோம். மெக்கானிக் கனெக்டிங் ராடு பேரிங்கின் இரண்டு ஓடுகளையும் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். கீழ்ப் பாதி ஓடு புதிதுபோல மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. மேல் பாதியில், நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் படலம் தேய்ந்து செம்பு பளபளத்தது. பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும்போது அந்தப் பளு முழுவதும் வந்து இறங்குவது அந்த மேல் பாதியின் மீதுதான்.

பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்தை உண்டாக்குவது பம்பு அல்ல. பம்பு எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. தண்டு சுழலும் வேகம்தான் எண்ணெயை ஆப்புப்போல இழுத்துச் செருகித் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. வேகமும் பாகுத்தன்மையும் கூடினால் படலம் தடிக்கும், பளு கூடினால் மெலியும். ஆயிரம் ஆர்பிஎம்மில் முழுப் பளு கொடுத்தால் வேகம் இல்லை, பளு மட்டும் இருக்கிறது. ஒரு கியர் குறைத்து 1,600இல் இழுத்திருந்தால் சுழலும் வேகம் அறுபது சதவீதம் கூடியிருக்கும், அதே வேலைக்கு ஒவ்வொரு வெடிப்பின் பளுவும் குறைந்திருக்கும். 40இலிருந்து 50க்குப் போனால் பாகுத்தன்மை ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம்தான் கூடும். கியர் கம்பியை ஒரு படி நகர்த்துவதில் கிடைப்பது, கேனை மாற்றுவதில் கிடைக்காது.

போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதுவே பொருந்தும். வளைவில் திரும்பி வெளியே வரும்போது கியர் குறைக்கச் சோம்பல்படும் ஓட்டுநரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். இன்ஜின் கத்துவதற்குப் பயப்பட வேண்டாம். முனகினால்தான் பயப்பட வேண்டும்.

26.04.2024

பிஎஸ்-6 வண்டிக்குக் கிரேடைவிடத் தரக்குறி முக்கியம். கேனின் பின்பக்கம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) என்ற குறியோடு சிஐ-4, சிகே-4 என்று எழுதியிருக்கும். சிஐ-4 2002இல் வந்தது. சிகே-4 2016 டிசம்பரில் வந்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரிகளில் பெரும்பாலானவற்றின் சைலன்சர் பாதையில், கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. எண்ணெயில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். கரி எரிந்து போய்விடும், சாம்பல் எரியாது. வடிகட்டியிலேயே தங்கி அதை அடைக்கும். சிகே-4இல் இந்தச் சாம்பலுக்கு ஒரு சதவீதம் என்ற மேல்வரம்பு உண்டு. சிஐ-4இல் அத்தகைய வரம்பு இல்லை. பிஎஸ்-6 வண்டிக்குக் கடைக்காரர் 20டபிள்யூ-50 எடுத்துக் கொடுத்தால் கேனைத் திருப்பிப் பார்க்கவும். அந்தக் கிரேடில் வரும் எண்ணெய்களில் பல பழைய தரக்குறியோடோ பெட்ரோல், இருசக்கர வண்டிக் குறியோடோ விற்கப்படுகின்றன.

எஃப்ஏ-4 என்று இன்னொரு குறி சிகே-4 வந்த அதே நாளில் வந்தது. அது வேண்டுமென்றே மெலிதாகச் செய்த 30 கிரேடு. 150 டிகிரியில் 2.9 முதல் 3.2 வரைதான் நிற்கும். கையேடு பெயர் சொல்லிக் கேட்டாலொழிய அதைத் தொட வேண்டாம். இதைக் கேட்டுவிட்டு எல்லா 30 கிரேடுகளையும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். கையேட்டில் 10டபிள்யூ-30 சிகே-4 என்றிருந்தால் அதுவே சரி, அதன் 150 டிகிரி அளவு 3.5க்குக் குறையாது.

29.04.2024

பள்ளத்தூர் அன்பர் ஒருவர் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போவதாகவும், வண்டி எண்ணெய் குடிக்காததால் மகிழ்ச்சி என்றும் எழுதியுள்ளார். உடனே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் தானாகப் பெருகாது. டீசலோ கூலன்டோ இறங்குகிறது.

பிஎஸ்-6 வண்டியில் கரி வடிகட்டியைச் சூடாக்க, சில என்ஜின்களில் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பார்கள். அந்த எரிப்பு முடிவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்தினால், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஊருக்குள் சின்னச் சின்ன நடைகள் அடித்தால் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து சம்ப்பில் சேரும். 40 என்று ஊற்றியது 30 ஆகிவிடும். இதற்கு மருந்து 50 ஊற்றுவதன்று. எரிப்பு விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்தாமல் ஓட்டி முடிப்பதும், மட்டம் மேல்கோட்டைத் தாண்டினால் எண்ணெயை மாற்றுவதும்தான்.

03.05.2024

பழைய வண்டியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் நாள் மனத்தில் இருந்த விடை, அதற்கும் 50 வேண்டாம் என்பதே. மூன்று நாள் யோசித்தபின் அவ்வளவு கறாராகச் சொல்ல எனக்கு மனமில்லை.

டர்போ இல்லாத பழைய என்ஜின்களுக்கு 20டபிள்யூ-40 பரவலாக ஊற்றப்பட்ட காலம் உண்டு. இடைவெளிகள் தாராளமானவை, கரி வடிகட்டி கிடையாது, அடைந்துபோக டர்போ கிடையாது. பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த என்ஜின், சூடாகி நிற்கும்போது ஐடிலில் பிரஷர் விளக்கு மினுக்கும் நிலையில் இருந்தால், கையேட்டின் வெப்ப அட்டவணை 50ஐ அனுமதித்தால், டீசலுக்கான தரக்குறியுள்ள 20டபிள்யூ-50 ஊற்றுவதில் தவறில்லை. ஆனால் அது என்ஜின் வேலைக்குப் பணம் சேரும் வரை வாங்கும் தவணை, சிகிச்சை அல்ல. நீலப் புகை கொஞ்சம் குறையும். தேய்ந்தது வளராது.

உங்கள் பழைய வண்டி சூட்டிலும் பிரஷரைச் சரியாகக் காட்டுகிறது, எண்ணெயும் குடிக்கவில்லை என்றால் 15டபிள்யூ-40 சிஐ-4ஐயே தொடரவும். இரண்டு வண்டிக்கும் ஒரே கேன் வாங்குவது வசதி என்றால் இரண்டுக்கும் 15டபிள்யூ-40 சிகே-4 வாங்கலாம். அது பழைய வண்டிக்கும் ஏற்றது. சிஐ-4ஐப் புதிய வண்டிக்கு ஊற்றத்தான் கூடாது.

04.05.2024

ரேடியேட்டரைப் பற்றி எழுதாமல் கிரேடைப் பற்றி இவ்வளவு எழுதியது என் தவறு.

பத்து டிகிரி குறைக்க வேறு வழிகள் உண்டு என்றேனே, அதில் முதலாவது இது. புதுவயலில் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் வண்டிகளின் ரேடியேட்டரில் உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் படியும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முன்னால் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். சென்ற ஆண்டு இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். நடுவில், எண்ணெய்க் கசிவில் ஊறிய தூசி, பஞ்சு மெத்தைபோலக் கீழ்ப் பாதி முழுவதும் அப்பியிருந்தது. விரலால் உரித்தபோது ரேடியேட்டர் தகடுகளின் கோடு பதிந்த பட்டையாக வந்தது. முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேன் பக்கமிருந்து வெளிப்புறமாக, அழுத்தம் குறைத்து அடிக்க வேண்டும். அதிக அழுத்தத்தில் தகடுகள் மடிந்துவிடும்.

சுத்தம் செய்தபின் அதே நெல் லோடு, அதே வழி. சம்ப் வெப்பமானி முன்பைவிட ஒன்பது டிகிரி குறைவாகக் காட்டியது. ஒரு முழு கிரேடுக்குச் சமமான பயன், தண்ணீர்க் குழாயில் கிடைத்தது. கல் ஏற்றும் வண்டிகளுக்கு ஆத்தங்குடி மணல் தூசி இதே வேலையைச் செய்யும். எண்ணெய்க் கசிவு இருந்தால்தான் அது அப்பும் என்பதால் கசிவை முதலில் நிறுத்த வேண்டும்.

11.05.2024

முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40 போட்டால் என்ன என்று கோட்டையூரிலிருந்து கேள்வி. முதல் குறிப்பில், டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்ணுக்கு நம் ஊரில் வேலையே இல்லை என்ற தொனியில் எழுதிவிட்டேன். அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மைனஸ் முப்பதில் தேறும் 5டபிள்யூவுக்கு உயர்ந்த அடிப்படை எண்ணெய் தேவை. அந்த உயர்ந்த எண்ணெய் சூட்டில் மெதுவாகவே கெடும், டர்போவில் கரியாகப் படிவதும் குறைவு. ஆகவே அந்த எண், குளிரைப் பற்றிப் பேசினாலும், சூட்டைத் தாங்கும் தரத்துக்கும் மறைமுகமான அடையாளம் ஆகிறது. 150 டிகிரி அளவில் அதன் அடிமட்டம் 3.5, 15டபிள்யூ-40க்கு உள்ள 3.7ஐவிடச் சற்றுக் குறைவு. கையேடு அனுமதித்தால், மலை ஏறும் வண்டிக்கு அது நல்ல செலவு. ஊருக்குள் செங்கல் ஏற்றும் வண்டிக்கு அந்தப் பணம் வீண்.

19.05.2024

மாற்றும் தவணை. கையேட்டில் கடுமையான பயன்பாடு என்று தனிப் பத்தி இருக்கும். மலை, இழுவை, தூசி, நின்றபடி என்ஜின் ஓடுவது எல்லாம் அதில்தான் வரும். இழுவை வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. கம்பி கட்டவும் வண்டியைச் சேற்றிலிருந்து தூக்கவும் மணிக்கணக்கில் நின்றபடி ஓடும் என்ஜின், மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் காட்டாது. மணிக்கணக்கை நோட்டில் எழுதி வையுங்கள்.

டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கரி நடுவில் கட்டியாக நின்று ஓரம் கூர்மையாக வெட்டியதுபோல் இருந்தால், கரியைக் கரைத்து வைத்திருக்கும் திறன் எண்ணெய்க்கு முடிந்துவிட்டது. கறுப்புக்கு வெளியே அகலமான வெளிர் வளையம் படர்ந்தால் டீசல் கலந்திருக்கலாம். ஆய்வகச் சோதனைக்கு ஈடில்லை என்றாலும் ஒன்றும் பார்க்காமல் இருப்பதைவிட நல்லது.

பேரலிலிருந்து அளந்து தரும் உதிரி எண்ணெயை வாங்காதீர்கள். நான் ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். ஊற்றும்போது நிறமும் கெட்டியும் சரியாகவே இருந்தன. இரண்டாவது நடையிலேயே சூட்டில் ஐடில் பிரஷர் பாதியாகிவிட்டது. வடித்துப் பார்த்தபோது தண்ணீர்போல ஒழுகியது. கேனின் மூடி முத்திரையைப் பார்த்து வாங்கவும், காலிக் கேனைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போடவும்.

02.06.2024

தேவகோட்டை அன்பர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். புதிய வண்டிக்கு 15டபிள்யூ-40 சிகே-4ஐயே வைத்துக்கொண்டு, ரேடியேட்டரை ஃபேன் பக்கமிருந்து கழுவி, ஓட்டுநரைக் கியர் குறைத்து ஏறச் சொல்லி இரண்டு முறை மூணாறு போய்வந்தார்களாம். கூலன்ட் முள் முன்பு கடைசி வளைவுகளில் ஏறிய இடத்துக்கு இப்போது ஏறவில்லையாம். பழைய வண்டி சூட்டிலும் பிரஷர் காட்டுகிறது என்பதால் அதற்கும் கிரேடை மாற்றவில்லை.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி, சம்ப் போல்ட்டில் சொட்டுகிறதே, டேப் சுற்றலாமா என்பது. வேண்டாம். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் நசுங்கி இறுகியிருக்கும், மறுபடி அமராது.